கரையத் தெரிந்த பட்டு

ஞானப்பல் பிடுங்கிக்கொண்டவர்களுக்கு அந்தக் கறுப்பு நூல் நினைவிருக்கும். ஈறை இழுத்துத் தைத்து, முடிச்சுப் போட்டு, “ஒரு வாரம் கழிச்சு வாங்க, தையல் பிரிச்சிடலாம்” என்று பல் டாக்டர் அனுப்பிவைப்பார். அந்த ஒரு வாரமும் நாக்குக்கு வேறு வேலை இருக்காது. அந்த நூல் பெரும்பாலும் பட்டுதான். மல்பெரி இலை தின்ற புழு கூடு கட்டக் கக்கிய அதே பட்டு. பசை நீக்கி, இழைகளைப் பின்னி, கறுப்பேற்றி, மேலே மெழுகோ சிலிக்கோனோ பூசி, கிருமி நீக்கி, வளைந்த ஊசியோடு சேர்த்து உறையில் அடைத்து வருகிறது.

அறுவை மருத்துவர்களுக்குப் பட்டின் மேல் உள்ள பிரியம் மிகப் பழையது. ரோமப் பேரரசின் காலத்தில் வாழ்ந்த கிரேக்க மருத்துவர் கேலன், ரத்தக்குழாயைக் கட்டப் பட்டு நூல் நல்லது, பெரிய நகரங்களில் பணக்காரப் பெண்களிடம் அது கிடைக்கும் என்று எழுதிவைத்தார். 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் சுவிட்சர்லாந்தின் தியோடர் கோச்சர், விலங்குக் குடலில் செய்த ‘கேட்கட்’ நூலைவிடப் பட்டு மேல் என்று வாதாடினார். தைராய்டு சுரப்பி பற்றிய பணிக்காக 1909ல் நோபல் பரிசு பெற்றவர் அவர். அமெரிக்காவில் வில்லியம் ஹால்ஸ்டெட்டும் பட்டின் பக்கமே நின்றார். நைலானும் பாலிப்ரொப்பிலீனும் வந்த பிறகு பட்டின் இடம் சுருங்கியது. ஆனாலும் கைக்கு மென்மை, போட்ட முடிச்சு நழுவாது என்ற இரண்டு காரணங்களுக்காக அது இன்னும் தட்டில் இருக்கிறது.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. மருத்துவப் புத்தகங்களில் பட்டு நூல் ‘உடலில் கரையாத தையல் நூல்’ என்ற பட்டியலில்தான் இருக்கிறது. ஆனால் அதைப் பிரிக்காமல் உள்ளேயே விட்டுவிட்டால் ஓராண்டுக்குள் தன் வலுவில் பெரும்பகுதியை இழந்துவிடும்; இரண்டு ஆண்டு போனால் பெரும்பாலும் தேடினாலும் கிடைக்காது. உடம்பின் நொதிகள் அதை அவசரமில்லாமல் அரித்துத் தீர்த்துவிடுகின்றன. பட்டும் ஒரு புரதம்தானே! கரையாது என்று முத்திரை குத்தப்பட்டது கரைகிறது. பட்டை மருத்துவப் பொருளாக ஆராய்பவர்கள் பிடித்துக்கொண்ட நூல்முனை இதுதான்.

பட்டைப் பற்றி எழுதும் எல்லோரும் ‘எஃகைவிட வலிமையானது’ என்று ஆரம்பிப்பது வழக்கம். எடைக்கு எடை பார்த்தால் சில சிலந்தி இழைகளுக்கு அது பொருந்தும். ஆனால் மருத்துவத்துக்கு அது பெரிய விஷயமில்லை என்பதே என் கணிப்பு. வலிமைதான் வேண்டும் என்றால் டைட்டானியம் இருக்கிறது. மருத்துவர் தேடுவது வேறு: வேலை முடியும்வரை இருந்துவிட்டு, முடிந்ததும் வம்பு செய்யாமல் போய்விடுகிற பொருள். எலும்பு முறிவுக்கு மாதக்கணக்கில் இருக்க வேண்டும். தோல் காயத்துக்கு நாள்கணக்கில். மூளையின் மேல் மின்முனையைப் படியவைக்கும் படலமோ சற்று நேரத்தில் போய்விட வேண்டும். இந்த எல்லாத் தவணைகளையும் பட்டுப் புரதம் ஒன்றிடமே கேட்டு வாங்க முடிகிறது.

கூட்டுக்குள் இருப்பவை

நான்கு முறை தோலுரித்து, பிறந்தபோது இருந்ததைப்போல் ஏறத்தாழ 10,000 மடங்கு எடை கூடிய புழு, சந்திரிகைத் தட்டில் ஏறியதும் தலையை எட்டு வடிவில் ஆட்டி ஆட்டிக் கூடு கட்டுகிறது. மூன்று நாள் வேலை. பிரித்து நீட்டினால் நல்ல வெண்பட்டுக் கூட்டில் ஒரு கிலோமீட்டர் இழைகூட அறுபடாமல் வரும். நுண்ணோக்கியில் பார்த்தால் அது ஓர் இழை இல்லை, இரண்டு. புழுவின் உடலில் இரண்டு பட்டுச் சுரப்பிகள் இருப்பதால் இரண்டு இழைகள் ஒன்றாக வெளிவருகின்றன. ஒவ்வொன்றும் மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு பருமன், குறுக்கே வெட்டினால் முக்கோணம். பட்டுக்கு அந்த மினுமினுப்பு வருவது முக்கோண முகங்களில் ஒளி பட்டுத் திரும்புவதால்தான். இந்த இழைகளின் பெயர் ஃபைப்ராயின். இரண்டையும் சேர்த்து ஒட்டியிருக்கும் பசை செரிசின். கூட்டின் எடையில் கால் பங்குக்குச் சற்று கூடவோ குறையவோ செரிசின். மீதி பெரும்பாலும் ஃபைப்ராயின்.

காஞ்சிபுரத்தின் சாயக்காரர்களுக்கு இந்தக் கணக்கைச் சொல்லித்தர வேண்டியதில்லை. கோராப் பட்டை சோப்பும் சோடாவும் கலந்த கொதிநீரில் அலசி எடுத்தால் எடை கிலோவுக்குக் கால் கிலோ குறையும். போனது செரிசின்.

ஃபைப்ராயினின் கட்டுமானம் ஏறக்குறைய சலிப்பூட்டும் அளவுக்கு எளிமை. கிளைசின், அலனைன், செரின் என்ற மூன்று சிறிய அமினோ அமிலங்கள்தான் அதில் 80 விழுக்காட்டுக்கும் மேல். கிளைசின் அலனைன் கிளைசின் அலனைன் கிளைசின் செரின் என்று ஒரே வரிசை திரும்பத் திரும்ப வருகிறது. மூன்றுமே சிறியவை என்பதால் சங்கிலிகள் பக்கத்தில் பக்கத்தில் நெருக்கமாகப் படுத்து, ஹைட்ரஜன் பிணைப்புகளால் கோத்துக்கொள்கின்றன. இப்படி அடுக்கிய பகுதியை வேதியியலில் பீட்டா தகடு என்பார்கள். தகடுகள் படிகமாக இறுகிய இடத்தில் தண்ணீர் நுழையாது, நொதிகளும் எளிதில் நுழையாது. படிகங்களுக்கு நடுவே ஒழுங்கில்லாத, தளர்ந்த பகுதிகள் இருக்கின்றன. நெகிழ்வு அங்கிருந்து வருகிறது. உடம்பு முதலில் கடிப்பதும் அங்கேதான்.

இதில் உண்மையிலேயே வியக்கவைப்பது புழுதான். அதன் சுரப்பிக்குள் ஃபைப்ராயின் 25 விழுக்காட்டுக்கும் மேல் அடர்த்தியில் தண்ணீரில் கரைந்து கிடக்கிறது. வாய்க்கு வந்து வெளியேறுவதற்குள் தண்ணீரில் கரையாத இழையாகிவிடுகிறது. சூடு இல்லை, அமிலத் தொட்டி இல்லை, அறை வெப்பநிலை. சுரப்பியின் பாதை குறுகக் குறுகத் தண்ணீர் வெளியேறுகிறது, அமிலத்தன்மை மெல்லக் கூடுகிறது, உப்பு அயனிகள் மாறுகின்றன, தலையை ஆட்டும்போது இழுவை சேர்கிறது. இவை ஒன்றுகூடித் தளர்ந்த சங்கிலிகளைத் தகடாக அடுக்கிவிடுகின்றன. ஆய்வகத்தில் நாம் செய்வதெல்லாம் இதைத் தலைகீழாக ஓட்டி, பிறகு நமக்கு வேண்டிய இடத்தில் நிறுத்துவது.

கூட்டைத் திரும்பக் கரைத்தல்

அமெரிக்காவில் பாஸ்டனுக்கு அருகே உள்ள டஃப்ட்ஸ் பல்கலைக்கழகத்தில் டேவிட் கப்லானும், இயற்பியலாளர் ஃபியோரென்சோ ஒமெனெட்டோவும் வளர்த்தெடுத்த செய்முறை இன்று உலகெங்கும் கிட்டத்தட்ட ஒரே மாதிரி பின்பற்றப்படுகிறது. முதலில் கத்தரிக்கோலால் கூட்டை வெட்டிக் கூட்டுப்புழுவை வெளியே கொட்டுகிறார்கள். வெட்டிய துண்டுகளைச் சலவைச் சோடா எனும் சோடியம் கார்பனேட் கலந்த தண்ணீரில் அரை மணி நேரம் கொதிக்கவிடுகிறார்கள். செரிசின் கரைந்துபோய், பாத்திரத்தில் பஞ்சு மாதிரி ஃபைப்ராயின் மிஞ்சும். பிழிந்து, பலமுறை அலசி, காயவைத்து, லித்தியம் புரோமைடு உப்பின் மிக அடர்ந்த கரைசலில் 60 டிகிரி சூட்டில் நான்கு மணி நேரம் வைத்தால் பஞ்சு மறைந்து தேன்நிறக் குழம்பாகிறது. அந்தக் கரைசலில் படிகங்களைப் பிடித்துவைத்திருந்த ஹைட்ரஜன் பிணைப்புகள் அவிழ்ந்துவிடுகின்றன.

இனி உப்பை வெளியேற்ற வேண்டும். சிறுநீரக நோயாளிகளால் நமக்கெல்லாம் தெரிந்த சொல்தான், டயாலிசிஸ். நுண்துளை உள்ள பையில் குழம்பை ஊற்றித் தூய நீரில் இரண்டு நாள் மிதக்கவிட்டு, இடையிடையே தண்ணீரை மாற்றுவார்கள். உப்பு வெளியேறும், புரதம் பெரிய மூலக்கூறு என்பதால் உள்ளேயே தங்கும். கடைசியில் கிடைப்பது 6 முதல் 8 விழுக்காடு பட்டு உள்ள, லேசான மஞ்சள் சாயல் கொண்ட நீர். குளிர்சாதனப் பெட்டியில் சில வாரம் தாங்கும். அதற்கு மேல் வைத்தாலோ வேகமாகக் குலுக்கினாலோ ஜெல்லாக உறைந்துவிடும். புதிதாகச் சேர்ந்த ஆராய்ச்சி மாணவர் யாரும் குப்பியை இரண்டாவது முறை குலுக்குவதில்லை.

இந்த நீரை வைத்து என்னவெல்லாம் செய்யலாம் என்பது சமையல் குறிப்புகளைப் போல நீளும். கண்ணாடித் தட்டில் ஊற்றிக் காயவைத்தால் கண்ணாடி போன்ற படலம். மின்புலத்தில் பீய்ச்சினால் நுண்நார்ப் பாய். ஒலி அலைகளால் அதிர வைத்தால் உயிரணுக்களை உள்ளே வைத்து மூடக்கூடிய ஜெல். அரை மில்லிமீட்டர் பருமன் உள்ள கல் உப்பைத் தூவி உறைய வைத்து, பிறகு உப்பைத் தண்ணீரில் கழுவி எடுத்தால் உப்பு இருந்த இடமெல்லாம் துளையாகி ஒரு பஞ்சு கிடைக்கும். உயிரணுக்கள் குடியேற இந்தத் துளைகள்தான் வீடு.

திசுப் பொறியியலின் அடிப்படை இங்கேதான் இருக்கிறது. எலும்பையோ குருத்தெலும்பையோ உருவாக்கும் உயிரணுக்களைச் சும்மா ஊசியால் செலுத்தினால் அவை சிதறிவிடும். பிடித்து நிற்க ஒரு சாரம் வேண்டும். கொத்தனார் சுவர் எழுப்பக் கட்டும் சாரத்தைச் சுவர் காய்ந்ததும் அவிழ்ப்பதுபோல, உடம்புக்குள் கட்டிய சாரமும் திசு தன் காலில் நிற்கும்போது போய்விட வேண்டும். சீக்கிரம் போனால் திசு சரியும். தாமதித்தால் உடம்பு அதை அந்நியப் பொருளாக நினைத்து நார்த்திசுவால் சுற்றிக் கட்டிவிடும்.

பட்டில் இந்தத் தவணையை மாற்றும் திருகு, தகடுகளின் அளவு. காய்ந்த படலத்தை மெத்தனாலில் நனைத்தால் தகடுகள் கூடும். நீராவியில் வைத்தாலும் கூடும், எவ்வளவு நேரம் வைக்கிறோம் என்பதைப் பொறுத்து. ஒன்றும் செய்யாமல் விட்டால் படலம் தண்ணீர் பட்டதும் கரையும். கப்லான் குழு 2008ல் வெளியிட்ட எலி ஆய்வில், தண்ணீரில் தயாரித்த பட்டுப் பஞ்சுகள் 2 முதல் 6 மாதத்துக்குள் காணாமல் போயின. ஃபுளோரின் கலந்த கரைப்பானில் தயாரித்தவை ஓராண்டு தாண்டியும் இருந்தன. புரதம் ஒன்றுதான். தயாரித்த விதம் மாறியதும் தவணை மாறிவிட்டது.

காது, குரல், மூளை

2010ல் ‘நேச்சர் மெட்டீரியல்ஸ்’ இதழில் வந்த ஒரு பரிசோதனை எனக்கு மிகவும் பிடித்தது. மூளையின் மேற்பரப்பு மடிப்பு மடிப்பானது. அதன் மேல் மின்முனைகளை வைத்தால் மேடுகளில் மட்டும் தொடும், பள்ளங்களில் தொங்கும். ஆய்வாளர் ஜான் ரோஜர்ஸும் டஃப்ட்ஸ் குழுவினரும், தலைமுடியைவிடப் பல மடங்கு மெல்லிய மின்முனை வலையைப் பட்டுப் படலத்தின் மேல் ஒட்டிப் பூனையின் மூளை மேல் வைத்தார்கள். அவ்வளவு மெல்லிய வலையைத் தனியே கையில் எடுக்கவே முடியாது, சுருண்டுவிடும். பட்டு அதைத் தாங்கிக் கொண்டுவந்து வைத்தது. உப்புநீர் பட்டதும் கரைந்தது. வலை ஈரத்தின் இழுப்பால் மடிப்புகளுக்குள் படிந்து ஒட்டிக்கொண்டது. பட்டின் மொத்த வேலையும் சற்று நேரத்தில் முடிந்துவிட்டது.

மறுமுனையில், 2014ல் அதே டஃப்ட்ஸ் குழுவும் பாஸ்டன் மருத்துவர்களும் பட்டைக் கட்டியாக இறுக்கி, கடைந்து, திருகாணிகள் செய்தார்கள். எலிகளின் பின்னங்கால் எலும்பில் அவற்றைப் பொருத்தினார்கள். இன்று எலும்பு முறிவுக்கு வைக்கும் உலோகத் தகட்டையும் திருகாணியையும் சில நேரம் இரண்டாவது அறுவை செய்து எடுக்க வேண்டியிருக்கிறது. அந்த இரண்டாவது அறுவையைத் தவிர்ப்பதுதான் நோக்கம். இது எலி எலும்பு என்பதை மறக்க வேண்டாம். மனிதத் தொடையெலும்பு தாங்கும் பாரம் வேறு.

காது இன்னும் சுவாரஸ்யமானது. செவிப்பறையில் ஓட்டை விழுந்து சீழ் வடிவது நம் நாட்டில் சர்வசாதாரணம். அறுவை மருத்துவர் இப்போது காதுக்கு மேலே உள்ள தசையின் உறையிலிருந்து ஒரு துண்டு வெட்டி ஓட்டையை அடைக்கிறார். ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரிலுள்ள செவி ஆய்வு நிறுவனமும் டீக்கின் பல்கலைக்கழகமும் சேர்ந்து ‘கிளியர்டிரம்’ என்ற பட்டுப் படலத்தை உருவாக்கியிருக்கின்றன. காண்டாக்ட் லென்ஸ் போலத் தெளிவானது. அதைப் பிடித்துக்கொண்டு செவிப்பறையின் உயிரணுக்கள் ஓட்டையின் குறுக்கே வளர வேண்டும் என்பது திட்டம். நோயாளியிடமிருந்து திசு வெட்ட வேண்டாம். படலம் ஒளிபுகக்கூடியது என்பதால் பின்னால் என்ன நடக்கிறது என்றும் பார்க்கலாம்.

குரல்நாண் ஒரு பக்கம் செயலிழந்தவர்களுக்கு மூச்சு கலந்த, பலவீனமான குரல்தான் வரும். செயலிழந்த நாணுக்குள் எதையாவது செலுத்தி உப்பவைத்தால் மறுநாண் வந்து தொட முடியும். சாஃப்ரெஜென் என்ற அமெரிக்க நிறுவனம் பட்டுத் துகள்களை ஹயலூரோனிக் அமில ஜெல்லில் கலந்து ‘சில்க் வாய்ஸ்’ என்ற பெயரில் இதற்கென ஓர் ஊசிப்பொருள் தயாரித்து, அமெரிக்க உணவு மருந்து நிர்வாகத்தின் அனுமதியும் வாங்கியது. ஆராய்ச்சிக் கட்டுரையாகவே நின்றுவிடாமல் நோயாளியை எட்டிய சில பட்டுப் பொருட்களில் இது ஒன்று.

திசு வளர்ப்பைத் தாண்டியும் ஒரு பயன் இருக்கிறது. 2012ல் டஃப்ட்ஸ் குழு தட்டம்மை, பொன்னுக்குவீங்கி, ரூபெல்லா தடுப்பூசியையும் சில ஆன்டிபயாடிக்குகளையும் பட்டுப் படலத்துக்குள் வைத்து உலர்த்தி, 60 டிகிரி வரையான சூட்டில் ஆறு மாதத்துக்கும் மேல் சோதித்தது. வெறுமனே வைத்ததைவிடப் பட்டுக்குள் வைத்தவை பெருமளவு வீரியத்தைக் காத்துக்கொண்டன. ஐஸ் பெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு மலைக்கிராமத்துக்குப் போகும் கிராம சுகாதாரச் செவிலியருக்கு இதன் பொருள் உடனே விளங்கும்.

சிலந்திக் கதை

சிலந்தியைச் சொல்லாமல் பட்டுக் கதை முடியாது, ஆனால் நான் சுருக்கமாகவே சொல்வேன். அடிபட்ட இடத்தில் சிலந்தி வலையை அப்பும் பழக்கம் பண்டைய கிரேக்கர் காலத்திலிருந்தே உண்டு. (நீங்கள் அப்ப வேண்டாம், வலையில் தூசியும் டெட்டனஸ் கிருமியும் இருக்கலாம்.) சிலந்திகளைப் பண்ணையில் வளர்க்க முடியாது, ஒன்றையொன்று தின்றுவிடும். லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் 2012ல் காட்டிய மடகாஸ்கர் தங்கநிற மேலங்கி ஒன்றுக்கு 12 லட்சம் சிலந்திகளிடமிருந்து இழை எடுக்க வேண்டியிருந்தது. ஆட்டுப் பாலில் சிலந்திப் பட்டுப் புரதத்தை வரவழைக்கப் போன கனடாவின் நெக்ஸியா நிறுவனம் நீடிக்கவில்லை. ஜெர்மனியின் ஆம்சில்க், ஸ்வீடன் ஆய்வாளர்கள் ஆகியோர் பாக்டீரியாவில் இந்தப் புரதத்தை வளர்க்கிறார்கள். அதில் நம்பிக்கை உண்டு.

நரம்பு விஷயத்தில் மட்டும் சிலந்திக்கு முன்னுரிமை கொடுக்கலாம். கிறிஸ்டின் ராட்கேயின் குழு 2011ல் ஆட்டின் கால் நரம்பில் 6 சென்டிமீட்டர் இடைவெளியைச் சிலந்தி இழைகள் நிரப்பிய ரத்தக்குழாய்த் துண்டால் இணைத்தபோது, நரம்பிழைகள் அந்தத் தூரத்தைக் கடந்து வளர்ந்தன. அவ்வளவு நீண்ட இடைவெளிக்கு இன்று நோயாளியின் சொந்த நரம்பையே வேறிடத்திலிருந்து வெட்டிவைக்கிறார்கள்.

நம் ஊர்ப் பட்டு

மல்பெரி, டசர், எரி, முகா என்ற நான்கு வகைப் பட்டையும் வணிக ரீதியாக உற்பத்தி செய்யும் நாடு இந்தியா. ஐ.ஐ.டி. கரக்பூரில் சுபாஸ் சந்திர குண்டு டசர் பட்டில் பல ஆண்டுகள் வேலை செய்தார், குவாஹாட்டி ஐ.ஐ.டி.யில் பிமன் மண்டலின் குழு அசாமின் முகா, எரிப் பட்டுகளைக் கொண்டு ரத்தக்குழாய், முதுகெலும்பு வட்டு ஆகியவற்றுக்கான சாரங்களை ஆராய்கிறது. டெல்லி ஐ.ஐ.டி.யில் சௌரவ் கோஷ் பட்டும் ஜெலட்டினும் கலந்த மையால் முப்பரிமாண அச்சில் குருத்தெலும்புத் திசு வளர்க்கிறார்.

இந்தக் காட்டுப் பட்டுகளின் மேல் இவர்களுக்கு ஏன் இவ்வளவு ஆர்வம்? ஆர்ஜினின், கிளைசின், அஸ்பார்டிக் அமிலம் என்ற மூன்று அமினோ அமிலங்கள் அடுத்தடுத்து வரும் ஒரு வரிசை டசர் போன்ற பட்டுகளில் இயல்பாகவே இருக்கிறது. நம் உயிரணுக்கள் பற்றிக்கொள்ளத் தேடும் பிடி அது. மல்பெரிப் பட்டில் அது கிடையாது, வேதிமுறையில் ஒட்டவைக்க வேண்டும். ஆனால் காட்டுப் பட்டு லித்தியம் புரோமைடில் சுலபமாகக் கரைய மறுக்கிறது. அதனால் கூட்டை விட்டுவிட்டு, கூடு கட்டப்போகும் புழுவை அறுத்துச் சுரப்பியிலிருந்து நேரடியாகப் புரதத்தை எடுக்கிறார்கள். ஆய்வகத்துக்குச் சரி, ஆலைக்குக் கட்டுபடியாகுமா என்பது வேறு கேள்வி.

காயத்துக்குப் போடும் பட்டுப் பொருட்கள்தான் இந்தியாவில் கடைக்கு முதலில் வந்தவை. பெங்களூருவின் ஃபைப்ரோஹீல் நிறுவனம் பட்டுப் புரதத்தில் காயத் துணிகளும் தூளும் தயாரித்து விற்கிறது. இங்கே கொஞ்சம் நிதானமாகப் பேச வேண்டும். 2017ல் சீன ஆய்வாளர்கள் வெளியிட்ட ஒரு பரிசோதனையில், தோல் ஒட்டுக்காகத் தோல் எடுக்கப்பட்ட 71 நோயாளிகள் பங்கேற்றார்கள். ஃபைப்ராயின் படலம் போட்டவர்களுக்குக் காயம் ஆறச் சுமார் 10 நாள், ஏற்கெனவே சந்தையில் இருந்த காயத்துணி போட்டவர்களுக்குச் சுமார் 11 நாள். தாய்லாந்தின் சுலாலாங்கார்ன் பல்கலைக்கழகத்தில் பொர்னனாங் அரம்விட் குழு, தீக்காயத்துக்குப் போடும் வெள்ளிக் களிம்பில் செரிசினைச் சேர்த்துச் சோதித்தது. செரிசின் சேர்த்தவர்களுக்கு முழுதாக ஆறச் சராசரி 22 நாள், சேர்க்காதவர்களுக்கு 29 நாள். ஒரு வாரம் என்பது தீக்காய வார்டில் சின்ன விஷயம் இல்லை. ஆனால் இவை சிறிய பரிசோதனைகள். அற்புதம் என்று பெயர் சூட்ட இன்னும் நேரமிருக்கிறது.

கட்டுரைகள் பல, பொருட்கள் சில

பட்டைப் பற்றி வெளியான ஆராய்ச்சிக் கட்டுரைகளை அடுக்கினால் கூரையைத் தொடும். மருத்துவமனை அலமாரியில் உள்ளவற்றை விரல் விட்டு எண்ணலாம். முதல் காரணம் புழு ஒரு ஆலை இயந்திரம் அல்ல என்பது. எந்த ரகம், எந்தப் பருவம், இலையின் ஈரம், இவையெல்லாம் கூட்டில் தெரியும். அதைவிடப் பெரிய காரணம் அந்தக் கொதிபாத்திரம். ஃபைப்ராயினின் நீண்ட சங்கிலி சுமார் 390 கிலோடால்டன் எடை கொண்டது. சோடாவில் கொதிக்கும் ஒவ்வொரு நிமிடமும் அதை வெட்டுகிறது. 5 நிமிடம் கொதித்த பட்டும் ஒரு மணி நேரம் கொதித்த பட்டும் பார்வைக்கு ஒன்றே, ஆனால் சங்கிலி நீளம் வேறு, உடம்பில் கரையும் தவணை வேறு. தவணைதான் பட்டின் பெருமை என்று சொன்னேன். ஆலையில் அதைத் தவறாமல் திரும்பத் திரும்பக் கொண்டுவருவதுதான் தலைவலி.

மூன்றாவது காரணம் சந்தை. கப்லானிடம் பயின்ற கிரெகரி ஆல்ட்மன் தொடங்கிய செரிகா நிறுவனத்தின் முதல் கனவு, முழங்கால் தசைநாரைப் பட்டுக் கயிற்றால் மாற்றுவது. கடைசியில் சந்தைக்கு வந்தது மென்திசுவைத் தாங்கும் பட்டு வலை. 2010ல் அலர்கன் நிறுவனம் செரிகாவை வாங்கியது. மார்பகச் சீரமைப்பு அறுவைகளில் அந்த வலையைப் பயன்படுத்த அனுமதி இல்லாதபோது அதற்காக விளம்பரம் செய்ததாக அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2015ல் எச்சரிக்கைக் கடிதம் அனுப்பியது. பிறகு வலை சாஃப்ரெஜென் கைக்குப் போனது. ஒரு நல்ல பொருளுக்கும் நிரூபிக்கப்பட்ட சிகிச்சைக்கும் நடுவே எத்தனை படிகள் என்பதற்கு இதைவிடத் தெளிவான பாடம் எனக்குத் தெரியவில்லை.

தருமபுரி பட்டுக்கூடு அங்காடியில் கூடு விற்கும் விவசாயிக்கு இதனால் என்ன கிடைக்கும் என்று கேட்பவர்கள் உண்டு. கணக்குப் போட்டுப் பார்ப்போம். 10 சென்டிமீட்டர் சதுரமும் 50 மைக்ரான் கனமும் உள்ள ஒரு காயப் படலத்துக்கு ஒரு கிராமுக்கும் குறைவான ஃபைப்ராயின் போதும், அதாவது மூன்று கூடு. இந்தியா ஆண்டுக்கு 30,000 டன்னுக்கு மேல் கச்சாப் பட்டு உற்பத்தி செய்கிறது. மருத்துவத் துறை முழுமூச்சாக வாங்கினாலும் கூட்டின் விலையை அது அசைக்காது. மருத்துவப் பட்டு வந்தால் விவசாயி கோடீஸ்வரர் ஆவார் என்று மேடையில் பேசுபவரை நம்ப வேண்டாம்.

லாபம் வேறு இடத்தில் இருக்கிறது. நூற்புக்கு அறுபடாத இழை தேவை, கரைப்பதற்குத் தேவையில்லை. அந்துப்பூச்சி துளைத்து வெளியேறிய கூடும், இரட்டைக் கூடும் நூற்பவருக்குக் கழிவு, ஆய்வகத்துக்கு நல்ல சரக்கு, கறையும் பூச்சிமருந்தும் படாமல் இருந்தால். எந்தத் தோட்டத்து இலை, எந்த முட்டைத் தொகுதி என்று பின்னோக்கிச் சொல்லும் பதிவேடு வைத்திருக்கும் வளர்ப்பாளருக்குத்தான் மருத்துவ நிறுவனம் கூடுதல் விலை தரும். அதேபோல் சாக்கடைக்குப் போகும் செரிசின் நீர். சோப்பும் சோடாவும் கலந்த நீரிலிருந்து அதைப் பிரிப்பது கடினம். வெறும் தண்ணீரில், அழுத்தக் கலனில் பசை நீக்கினால் செரிசினைத் தூய்மையாக எடுக்கலாம். பட்டு வளர்ச்சித் துறையும் நூற்பாலைகளும் பணம் போட வேண்டியது இதில்தான்.

வாசகர்களுக்கு ஒரு வார்த்தை. பட்டுப் புரதம் என்று அச்சிட்ட முகக் களிம்பும் ஷாம்பூவும் இந்தக் கட்டுரையில் பேசிய எதற்கும் சாட்சி இல்லை. காயத்துக்கென விற்கும் பட்டுப் பொருளை வாங்கும் முன், உறையில் மருத்துவ உபகரண விதிகளின்படி பெற்ற உரிம எண் இருக்கிறதா என்று பாருங்கள், இல்லையென்றால் திருப்பிக் கொடுங்கள். பழைய பட்டுப் புடவையைக் கிழித்துப் புண்ணில் கட்டாதீர்கள். அதில் சாயமும் சரிகையும் கிருமியும் இருக்கும். சர்க்கரை நோயாளியின் பாதத்தில் புண் என்றால் பட்டா பஞ்சா என்று யோசித்துக்கொண்டிருக்காமல் அன்றைக்கே மருத்துவரிடம் போய்க் காட்டுங்கள்.